'நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?' – விசுவாசத்துக்குள்ள நம்ம வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுறவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தக் கேள்வி ரெண்டு வகை ஆளுங்ககிட்ட இருந்துதான் ரொம்ப வருது. ஒன்னு, படிச்சு முடிச்சுட்டு சரியான வேலை அமையாம வீட்ல இருக்கிற பசங்க. இன்னொன்னு, பிள்ளைங்களை எல்லாம் ஹாஸ்டலுக்கும் வெளியூருக்கும் அனுப்பிட்டு திடீர்னு வீடே வெறிச்சோடிப் போன அம்மாக்கள். ரெண்டு பேருமே ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்கதான், பைபிள் வாசிக்கிறவங்கதான், ஆனா உள்ளுக்குள்ள 'நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன'ன்னு ஒன்னு ஓடிக்கிட்டே இருக்கும், அதை வெளிய சொன்னா 'உனக்கு விசுவாசம் பத்தல'ன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்து யார்கிட்டயும் வாயத் திறக்கிறதில்ல.

நம்ம சபைகள்ல இதுக்கு ரெடிமேடா ஒரு பதில் இருக்கு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்குன்னு ஒரு வசனம் எழுதின சீட்டு) எடுக்கிறோம்ல, அதுல 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்'னு வந்துச்சுன்னா வீடே சந்தோஷமாயிரும். அதாவது தேவன் உன்னை உயர்த்துவார், பெரிய ஆளாக்குவார், பொறு. இது உபாகமம் 28-ல இருக்கிற வசனம்தான், ஒரு ஜனத்துக்கே நியாயப்பிரமாணத்தோட சேர்த்துச் சொன்னது. அதைத் தனியா உருவி எடுத்து ஒருத்தர் கையில கொடுத்துட்டா, வருஷம் முடியும்போதும் அவர் தலையாகலன்னா என்ன ஆகும்? வேலையும் இல்ல, இப்போ தேவனும் கண்டுக்கல, ரெண்டு அடி.

என்னோட கருத்து சிம்பிள். கிறிஸ்தவ விசுவாசத்துல மதிப்பு முதல்ல கொடுக்கப்படுது, வேலை அதுக்கப்புறம்தான் வருது. நாம பெரும்பாலும் அந்த வரிசையைத் தலைகீழா வச்சிருக்கோம். கீழ சொல்ற ஸ்டெப் எல்லாமே அந்த வரிசையைத் திருப்பி வைக்கிறதுக்குத்தான். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்சி (கத்தோலிக்கர்), பெந்தெகொஸ்தே, எந்தச் சபையா இருந்தாலும் செய்யலாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும், அவசரமும் வேண்டாம், நாலஞ்சு மாசம் எடுத்தாலும் பரவால்ல.

ஸ்டெப் 1: உங்க கேள்வி என்னன்னு எழுதுங்க

'எனக்கு அர்த்தம் வேணும்'னு சொல்றது ரொம்பப் பொதுவா இருக்கு. அதுக்குக் கீழ வேற ஏதோ ஒன்னு இருக்கும். 'எங்க அப்பா என்னை ஒரு தடவ கூடப் பாராட்டல', 'கூடப் படிச்சவன் எல்லாம் கார் வாங்கிட்டான்', 'கல்யாணம் ஆகல, சொந்தக்காரங்க முகத்துல முழிக்க முடியல', இப்படி.

ஆதியாகமம் 16-ஐ எடுத்து வாசிங்க. ஆபிராமோட மனைவி சாராய்க்கு அடிமையா இருந்த ஆகார், கர்ப்பமா வனாந்தரத்துக்கு ஓடிப்போயிட்டா. அந்த அதிகாரத்துல கவனிச்சீங்கன்னா ஆபிராமும் சாராயும் பேசுற பேச்சுல எங்கயும் அவ பேரே வராது, 'என் அடிமைப்பெண்', 'உன் அடிமைப்பெண்' அவ்ளோதான். முதல்முதலா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது கர்த்தருடைய தூதன்தான். கூப்பிட்டுட்டு ரெண்டு கேள்வி கேக்குறார்: எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்? அவ முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்றா, நாச்சியாரை (எஜமானியை) விட்டு ஓடிப்போறேன்னு. எங்க போறேன்னு அவளுக்கே தெரியல. அதுக்காக யாரும் அவளைத் திட்டல.

நீங்களும் அந்த ரெண்டு கேள்வியை நோட்டுல எழுதி பதில் எழுதுங்க. முதல் கேள்விக்கு ரெண்டு பக்கம் வந்தாலும் எழுதுங்க, இப்போதைக்கு யாரும் வாசிக்கப் போறதில்ல, பக்தியா எழுதணும்னு அவசியமும் இல்ல. ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியலன்னா 'தெரியல'ன்னே எழுதிட்டு தேதி போட்டு வச்சிருங்க.

ஸ்டெப் 2: சாப்பாடு, தூக்கம், தேவைப்பட்டா டாக்டர்

இதை ஏன் ரெண்டாவதா வைக்கிறேன்னு சிலருக்குத் தோணும். எலியா தீர்க்கதரிசியைப் பாருங்க, 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில அவ்ளோ பெரிய ஜெயம் கிடைச்ச மனுஷன், அடுத்த அதிகாரத்துலயே ஒரு சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்'னு சொல்றார். தேவன் அப்போ அவருக்குப் பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டார், தூதனை அனுப்பி தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பாடு. 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்'னு சொல்லித்தான் ரெண்டாவது தடவ எழுப்புறாங்க. பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போனப்புறம்தான்.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, எதுலயும் மனசு ஒட்டல, காரணமே இல்லாம அழுகை வருது, செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதுன்னா, அது ஜெபம் குறைஞ்சதால வந்ததுன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. டாக்டரைப் பாருங்க. 14416-க்கு போன் பண்ணா டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், இலவசம், தமிழ்லயே பேசலாம். மாத்திரை சாப்பிடுறது அவிசுவாசம்னு உங்க வீட்டுக்கூட்டத்துல யாராவது சொன்னாங்கன்னா, அவங்க கண்ணாடி போட்டுத்தான் பைபிள் வாசிக்கிறாங்களான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

ஸ்டெப் 3: வரிசையைத் திருப்புங்க (இதுதான் முக்கியம், இங்க நின்னு நிதானமா போங்க)

இயேசு ஞானஸ்நானம் எடுக்கும்போது ஏறக்குறைய முப்பது வயசுன்னு லூக்கா சொல்றார். அதுவரைக்கும் அவர் நாசரேத்துல தச்சன். சுவிசேஷங்கள்ல அந்த முப்பது வருஷத்தைப் பத்தி ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு, ஒரு அற்புதம் இல்ல, ஒரு பிரசங்கம் இல்ல, ஒரு சீஷன் கூட இல்ல. அந்த நிலைமையில யோர்தான்ல இருந்து கரையேறும்போது வானத்துல இருந்து சத்தம் (மத்தேயு 3): 'இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்.' எதுக்காகப் பிரியம்? இன்னும் ஒன்னும் செஞ்சு காட்டலையே.

அடுத்த அதிகாரம் இன்னும் சுவாரஸ்யம். வனாந்தரத்துல சோதனைக்காரன் வந்து பேசுற முதல் வார்த்தையே 'நீர் தேவனுடைய குமாரனேயானால்'னு ஆரம்பிக்குது. குமாரன்னா கல்லை அப்பமாக்கிக் காட்டு. குமாரன்னா மேல இருந்து குதிச்சுக் காட்டு. கொஞ்சம் முன்னாடிதான் கேட்டது 'நீ என் குமாரன்', இப்போ கேக்குறது 'அதை நிரூபி'. உங்க மனசுக்குள்ள ஓடுற 'நீ யாருன்னு நிரூபிச்சுக் காட்டு, சொந்தக்காரங்க முன்னாடி, ஊர் முன்னாடி, சபை முன்னாடி'ங்கிற சத்தமும் இந்த ரெண்டாவது வகைதான். இயேசு நிரூபிக்கல, அப்பமும் பண்ணல, குதிக்கவும் இல்ல. பசியோடயே இருந்துட்டார்.

இதை நமக்கு எப்படிப் பொருத்துறது? ஒரு பயிற்சி சொல்றேன். நோட்டுல 'நான்'னு ஆரம்பிக்கிற பத்து வாக்கியம் எழுதுங்க. நான் பி.இ. படிச்சவன், நான் ரெண்டு பிள்ளைக்கு அம்மா, நான் க்வயர்ல ஆல்ட்டோ பாடுறவ, நான் பேங்க் எக்ஸாம்ல தோத்தவன், எதுவா இருந்தாலும். இப்போ ஒவ்வொன்னா பாத்து, வேற ஒருத்தராலயோ காலத்தாலயோ வியாதியாலயோ பறிக்க முடியும்னா ஒரு கோடு போடுங்க. வேலை போகும், குரல் போகும், நல்ல பேர் போகும், தோல்வியும் கூட ஒருநாள் பழைய கதையாப் போகும். பெரும்பாலானவங்களுக்கு பத்துலயும் கோடு விழுந்துரும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க. இப்போ ஏசாயா 43-ல இருந்து ஒரு வரி அதுக்குக் கீழ எழுதுங்க: 'உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்.' இதுக்குக் கோடு போட முடியுமான்னு பாருங்க. இது பாபிலோனுக்குச் சிறையாப் போன, கோயில் இடிஞ்சு போன, உலகத்தோட கண்ணுக்கு ஒன்னுமே இல்லாமப் போன ஜனத்தைத் தேத்துற வார்த்தை.

அப்புறம் உங்க ஞானஸ்நான சர்டிபிகேட்டைத் தேடி எடுங்க. எந்தப் பீரோவுலயோ கல்யாணப் பத்திரிகைக்கு அடியில கிடக்கும். கிடைக்கலன்னா சபை ரிஜிஸ்டர்ல பேர் இருக்கும், கேட்டு தேதியைக் குறிச்சுக்கோங்க. குழந்தையா எடுத்தவங்க அன்னைக்கு என்ன சாதிச்சீங்க? அழுதிருப்பீங்க. வயசு வந்து முழுக்கு எடுத்தவங்களும் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்க முடியாது, இன்னொருத்தர் கையிலதான் சாஞ்சாகணும். குழந்தை ஞானஸ்நானமா முழுக்கான்னு சண்டையை இங்க இழுக்காதீங்க, ரெண்டுலயுமே நாம வாங்கிக்கிற ஆளுதான், அதுதான் பாயிண்ட்.

இன்னொன்னு. மத்தேயுல ஒரு காசுக்கு ரெண்டு அடைக்கலான் குருவின்னு இருக்கு. லூக்கால ரெண்டு காசுக்கு அஞ்சு. கணக்குப் போட்டா நாலுதானே வரணும்? அஞ்சாவது கொசுறு. வியாபாரியே விலை போடாத அந்த அஞ்சாவதையும் சேர்த்துத்தான் 'ஒன்றாகிலும் மறக்கப்படுவதில்லை'ன்னு இயேசு சொல்றார். கொசுறா நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்க இதை ஒரு வாரம் மனசுல போட்டு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: வசனத்தைத் துண்டு துண்டா எடுக்காதீங்க, அதிகாரமா வாசிங்க

எரேமியா 29:11 தெரியாத கிறிஸ்தவன் இல்ல. காலண்டர்ல, ஸ்டிக்கர்ல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல எல்லாம் இருக்கு, 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே'. ஆனா அது யாருக்கு எழுதின லெட்டர்? கி.மு. 597-ல எருசலேம்ல இருந்து பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போனவங்களுக்கு. அதுக்கு முந்தின வசனத்துலயே எழுபது வருஷம் ஆகும்னு இருக்கு. அதாவது லெட்டரை வாசிச்ச பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க ஊர் திரும்பிப் பாக்கப் போறதில்ல. முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிரும்னு சொல்லிக்கிட்டு இருந்தார், அவர்தான் அன்னைக்கு பாப்புலர், எரேமியாவை யாருக்கும் பிடிக்கல. (இன்னைக்கும் யூடியூப்ல யாருக்கு வியூஸ் வரும்னு உங்களுக்கே தெரியும்.)

அந்த எழுபது வருஷத்துக்கு எரேமியா என்ன பண்ணச் சொல்றார்? வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதோட பலனைச் சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்தைத் தேடி அதுக்காக ஜெபம் பண்ணுங்க. பிடிக்காத ஊர், பிடிக்காத வேலை, அதுக்குள்ளயே. என்னைக் கேட்டா இதுதான் அந்த வசனத்தோட உண்மையான வெயிட்டு.

வாசிக்க ஒரு திட்டம் வேணும்னா இப்படிப் போங்க, நாளுக்கு ஒரு அதிகாரம் போதும், அதையே ஒரு வாரம் திரும்பத் திரும்ப வாசிச்சாலும் நல்லதுதான். முதல்ல சங்கீதம் 8, 139. அப்புறம் ரூத் புத்தகம் முழுசு, நாலே அதிகாரம், அதுல ஒரு பெரிய அற்புதமும் நடக்காது, கதிர் பொறுக்குறது, மாமியாரைப் பாத்துக்கிறது, கல்யாணம், குழந்தை, அவ்ளோதான், ஆனா கடைசில தாவீதோட வம்ச அட்டவணையில போய் நிக்கும். அதுக்கப்புறம் லூக்கா 15. அப்புறம் எபேசியர் 1, 2. எபேசியர் 2-ல எட்டு, ஒன்பது, பத்து வசனத்தைப் பிரிக்காம வாசிங்க: கிருபையினால இரட்சிப்பு, கிரியைகளால இல்ல, அதுக்கப்புறம்தான் நற்கிரியைகளுக்காக சிருஷ்டிக்கப்பட்டோம்னு வருது. நான் மேல சொன்ன வரிசை அப்படியே அங்க இருக்கு.

ஸ்டெப் 5: ஜெபத்துல நடிக்காதீங்க

ஸ்தோத்திர ஜெபம் மட்டும்தான் ஜெபம்னு நமக்கு ஒரு பழக்கம் ஆயிடுச்சு. சங்கீதம் 88-ஐ வாசிச்சுப் பாருங்க, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் இருட்டுதான், முடியும்போது கூட 'ஆனாலும் உம்மைத் துதிப்பேன்'னு திரும்பாது. அதுவும் வேதத்துலதான் இருக்கு, யாரும் எடுத்துப் போடல. அதனால 'ஆண்டவரே, எனக்கு உம்மேல கோவமா இருக்கு'ன்னு சொல்லணும்னா சொல்லுங்க.

ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இன்னொன்னு பண்ணலாம். இது லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறை. அவர் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர், 1521-ல பம்ப்லோனா சண்டையில பீரங்கிக்குண்டு பட்டு கால் நொறுங்கி மாசக்கணக்கா படுத்துக் கிடந்தவர், பேர் வாங்கணும்ங்கிற வெறி அந்தப் படுக்கையிலதான் உடைய ஆரம்பிச்சது. முறை இதுதான்: நன்றி சொல்லி ஆரம்பிங்க, வெளிச்சம் கேளுங்க, அப்புறம் காலையில எழுந்ததுல இருந்து நாளை மெதுவா ஓட்டிப் பாருங்க. எந்த நேரத்துல மனசு உயிரோட இருந்துச்சு? எந்த நேரத்துல வறண்டு போச்சு? தப்பு இருந்தா மன்னிப்பு கேட்டுட்டு நாளைக்கு எதுக்கு உதவி வேணுமோ அதைக் கேட்டு முடிங்க. இயேசு சபையார் (அவர் ஆரம்பிச்ச துறவற சபை) இதை ஒரு நாளைக்கு ரெண்டு தடவ பண்றாங்க, நமக்கு ஒன்னு போதும். ஆர்சி விஷயமாச்சேன்னு பெந்தெகொஸ்தே தம்பிங்க யோசிக்காதீங்க, சங்கீதம் 139-ஓட கடைசி ரெண்டு வசனமும் இதேதான்.

தினமும் அந்த 'உயிரோட இருந்த நேரம்' என்னன்னு ஒரு வரி நோட்டுல எழுதி வைங்க. அடுத்த ஸ்டெப்புக்கு அது தேவைப்படும்.

ஸ்டெப் 6: ஒரு சின்ன வேலையை எடுங்க, பெரிய 'அழைப்பு'க்குக் காத்திருக்காதீங்க

ஊழியம்னா மேடை, மைக், கீபோர்டுன்னு ஆயிடுச்சு. ரோமர் 12-ல இருக்கிற லிஸ்டைப் பாருங்க, தீர்க்கதரிசனம், போதிக்கிறதுன்னு சொன்ன அதே மூச்சுல பகிர்ந்து கொடுக்கிறது, இரக்கம் செய்றதுன்னு வருது. யாத்திராகமம் 31-ல தேவ ஆவியால நிரப்பினேன்னு கர்த்தர் சொல்றது பெசலெயேலை, அவர் பொன்னு, வெள்ளி, வெண்கலம், மரத்துல வேலை செய்ற கைத்தொழில்காரர்.

நம்ம திருநெல்வேலி ஜில்லாவுல டோனாவூர் இருக்கே, அங்க இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா கதையைச் சின்ன வயசுல இருந்து கேட்டிருப்பீங்க. அவங்க வந்தது குழந்தை வளர்க்கிறதுக்கு இல்ல, கிராமம் கிராமமா மாட்டு வண்டியில போய் சுவிசேஷம் சொல்றதுக்கு. 1901-ல இந்துக் கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஒரு சின்னப் பொண்ணு தப்பிச்சு வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் இன்னொன்னு, இன்னொன்னு. கைக்குழந்தைங்க வந்தப்புறம் ஊர் ஊரா சுத்துறது நின்னு போச்சு, பால் புட்டியும் துணியும்தான் வேலை. வந்த வேலையை விட்டுட்டு ஆயாம்மா வேலை பாக்குறதான்னு அவங்களுக்கே கேள்வி வந்துச்சு, யோவான் 13-ல இயேசு துண்டைக் கட்டிக்கிட்டு சீஷருங்க காலைக் கழுவினதுலதான் அதுக்குப் பதில் கிடைச்சுது. இன்னைக்கு நமக்கு அவங்க பேர் தெரியுறதே அந்தக் குழந்தைங்களாலதான். அழைப்பு ஒரு தரிசனமா வரல, வாசல்ல வந்து நின்ன ஆளா வந்துச்சு.

அதனால நோட்டுல மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க. மத்தவங்க அடிக்கடி எதுக்கு என்கிட்ட வர்றாங்க (ஃபார்ம் ஃபில் பண்ண, மனசு விட்டுப் பேச, பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க)? என் தெருவுலயோ சபையிலயோ யாரும் தொடாம கிடக்கிற வேலை எது? ராத்திரி எழுதின அந்த 'உயிரோட இருந்த நேரம்' லிஸ்ட்ல எது திரும்பத் திரும்ப வருது? மூணும் எங்கயாவது உரசுற இடத்துல ஒரு வேலையை எடுங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். சண்டே ஸ்கூல்ல கடைசி பெஞ்ச் பசங்களோட உக்கார்றது, ஏழைங்களுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபையோட ஒரு வீட்டுக்குப் போறது, கவர்மென்ட் ஆஸ்பத்திரி வார்டுல துணைக்கு ஆள் இல்லாதவங்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறது, முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுக்கிறது. மூணு மாசம் பண்ணுங்க. போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, மத்தேயு 6-ல தெளிவா சொல்லியிருக்கு, அதோட போட்டோ போட ஆரம்பிச்சா அந்த 'நிரூபி' சத்தம் பின்வாசல் வழியா உள்ள வந்துரும்.

பிடிக்கலன்னா மூணு மாசம் கழிச்சு சொல்லிட்டு விட்டுட்டு வேற எடுங்க. அதுல பாவம் ஒன்னும் இல்ல.

ஸ்டெப் 7: திங்கக்கிழமை

முழுநேர ஊழியத்துக்குப் போனாத்தான் தேவனுக்குப் பிரயோஜனம்னு ஒரு நினைப்பு இருக்கு. 17-ஆம் நூற்றாண்டுல பாரீஸ்ல ஒரு கார்மேல் மடத்துல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர், பழைய சிப்பாய், கால் ஊனம், படிப்பு பெருசா இல்ல, அவருக்குக் கொடுத்தது சமையல்கட்டு. அவருக்கு அந்த வேலை சுத்தமா பிடிக்காது. ஆனா பாத்திரத்தோட சத்தத்துக்கு நடுவுல, நாலு பேர் ஒரே நேரத்துல நாலு விஷயம் கேக்கும்போதும், பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டிருக்கிற மாதிரியே தேவனோட இருக்கப் பழகிட்டார். 1691-ல செத்துப் போன அந்த சமையல்காரரை இன்னைக்கும் ஜனங்க பேசுறாங்க.

உங்க வேலையில ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கோங்க, பில் போடுறதோ, மாவு அரைக்கிறதோ, கால் சென்டர்ல முதல் ஹலோவோ. அதை ஆரம்பிக்கும்போது 'ஆண்டவரே, இது உமக்கு'ன்னு மனசுக்குள்ள ஒரு வரி. அவ்ளோதான். ஆனா ஒன்னு, கொலோசெயர் 3-ல 'கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்'னு இருக்கிறதைக் காட்டி சம்பளம் ஒழுங்கா கொடுக்காத முதலாளிக்கு ஓவர்டைம் பாக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. அடுத்த அதிகாரத்தோட முதல் வசனமே எஜமான்களுக்குத்தான், நீதியும் செவ்வையுமா நடத்துன்னு. அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்க.

ஸ்டெப் 8: சபை, அங்க இருக்கிற பிரச்சனையோட சேர்த்து

ரோமர் 16-ஐ வெறும் பேர் லிஸ்ட்டுன்னு தாண்டிப் போயிடுவோம். அதுல 23-ஆம் வசனத்துல ஒரே மூச்சுல ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தர் ஏரஸ்து, பட்டணத்து உக்கிராணக்காரர், அதாவது பெரிய ஆபீசர். பக்கத்துலயே 'சகோதரனாகிய குவர்த்து'. குவர்த்துக்கு டெசிக்னேஷன் எதுவும் இல்ல. சகோதரன், அவ்ளோதான் அவரைப் பத்தி நமக்குத் தெரியும், அதோட ரெண்டாயிரம் வருஷமா வாசிக்கிறோம். அதுக்கு முந்தின வசனத்துல பவுல் சொல்லச் சொல்ல லெட்டரைக் கையால எழுதின தெர்தியு கூட ஒரு வணக்கம் போட்டுக்கிறார்.

சபை அப்படி இருக்கணும். ஆனா நிஜத்துல என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியும். சாதி பாத்து சம்பந்தம், சாதி பாத்து கமிட்டி எலெக்‌ஷன், சில ஊர்ல கல்லறைத் தோட்டமே தனித்தனி. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அரண்மனை அதிகாரியா இருந்த நீலகண்டன் 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் ஆனார், ஒடுக்கப்பட்ட ஜனங்களோட ஒன்னா இருந்து சாப்பிட்டதும் அவர் மேல வந்த கோவத்துக்கு ஒரு காரணம், 1752-ல காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15-ல ரோம்ல புனிதர் பட்டம் கொடுக்கும்போது 'பிள்ளை'ங்கிற சாதிப் பேரைச் சேர்க்கல. ஆனா அதே வடக்கன்குளத்துலதான் 19-ஆம் நூற்றாண்டுல ரெண்டு சாதி ரெண்டு பக்கமா உக்கார்ற மாதிரி ரெண்டா பிரிச்சுக் கோயில் கட்டினாங்க. ரெண்டும் நம்ம வரலாறுதான்.

உங்களைப் பொறந்த சாதியை வச்சோ, போடுற காணிக்கையை வச்சோ எடை போடுற இடத்துல உக்காந்துக்கிட்டு 'நான் தேவனுக்கு அருமையானவன்'னு நம்புறது ரொம்பக் கஷ்டம். யாக்கோபு 2-ல பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல சீட்டு, ஏழைக்கு 'நீ அங்கே நில்'னு சொல்றதைக் கண்டிச்சிருக்கு, அதை உங்க சபைப் போதகர் ஐயர்கிட்டயோ ஃபாதர்கிட்டயோ நேராவே காட்டிப் பேசுங்க. மாறலன்னா வேற சபைக்குப் போறது துரோகம் இல்ல. 'இவ்ளோ விதை காணிக்கை போடு, இவ்ளோ திரும்பி வரும்'னு சொல்ற இடத்துல இருந்தும் சத்தமில்லாம கிளம்பிருங்க.

தேட வேண்டியது பெரிய சபையை இல்ல, உங்க பேர் தெரிஞ்ச ஏழெட்டு பேரை. அன்பியமோ (ஆர்சி பங்குல பக்கத்துல இருக்கிற வீட்டுக்காரங்க கூடுற சின்னக் குழு) வீட்டு ஜெபக்கூட்டமோ யூத் ஃபெல்லோஷிப்போ, எதுவா இருந்தாலும் நீங்க ஒரு வாரம் வரலன்னா யாராவது போன் பண்ணணும். அதுல வயசுல மூத்த, அவசரப்பட்டு வசனம் சொல்லாத ஒரு அக்காவையோ அண்ணனையோ பாத்து, ஸ்டெப் 1-ல எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க. ஒருத்தர்கிட்ட போதும்.

ஸ்டெப் 9: உடம்பு ஒத்துழைக்காதவங்களுக்கு

'வேலை எடுங்க'ன்னு சொன்னது எல்லாருக்கும் முடியாது. படுக்கையில இருக்கிறவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, வீட்ல ஒரு நோயாளியை விட்டு நகர முடியாதவங்க இருக்காங்க.

வேலூர் சிஎம்சியில டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தாங்க. 1954-ல சக டாக்டர்களோட வண்டியில போகும்போது விபத்து, முகத்துல காயம், இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. சர்ஜனா ஆகணும்னு இருந்த இளம் டாக்டர். தொழுநோய்ல மடங்கிப் போன கைகளை ஆபரேஷன் பண்ணி நிமித்திக்கிட்டு இருந்த டாக்டர் பால் பிராண்ட், கை ஆபரேஷனை உக்காந்துக்கிட்டே பண்ணலாமேன்னு வழி காட்டினார். வீல்சேர்ல உக்காந்து கத்தி பிடிச்சாங்க. அப்புறம் அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு வேலூர்ல அந்தச் சிகிச்சையையே ஆரம்பிச்சு வச்சாங்க. 1972-ல பத்மஸ்ரீ. இந்தக் கதையைச் சொல்லும்போது நான் ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதையா இருப்பேன். அந்த விபத்து நல்லதுக்குத்தான்னு சொல்ல மாட்டேன், அது விபத்து. ரெண்டாவது, அவங்க ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்ச நாள்ல இருந்துதான் அவங்களுக்கு மதிப்பு வந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன், கட்டில்ல அசையாம கிடந்தப்போ இருந்த மேரிக்கும் யோர்தான்ல கேட்ட அதே வார்த்தைதான்.

உங்க வீட்ல படுத்திருக்கிற பெரியவங்க 'நான் எல்லாருக்கும் பாரமாயிட்டேன்'னு சொன்னா 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க'ன்னு வாயை அடைக்காதீங்க, பக்கத்துல உக்காந்து கேளுங்க. அவங்களுக்கு விருப்பம் இருந்தா ஜெபிக்கிறதுக்கு அஞ்சு பேர் பேரைப் பெரிய எழுத்துல ஒரு அட்டையில எழுதிக் கொடுங்க, 'உலக சமாதானம்'னு பொதுவா இல்லாம, பக்கத்து வீட்டுப் பையனோட ப்ளஸ் டூ பரிட்சை, சித்தியோட ஸ்கேன் ரிப்போர்ட்டுன்னு. அடுத்த வாரம் ரிப்போர்ட் என்ன வந்துச்சுன்னு மறக்காம வந்து அவங்ககிட்ட சொல்லுங்க, நல்லதோ கெட்டதோ. சொல்லலன்னா சும்மா ஒப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கோம்னு அவங்களுக்குப் புரிஞ்சிரும்.